மூன்று இடங்களில் எழுதிய முகவரி

வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கென்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கையேடு இருந்தது. மொத்தம் எட்டுப் பக்கம். முதல் பக்கம் வாழ்த்துரை, கடைசிப் பக்கம் விடுமுறைப் பட்டியல், நடுவில் ஆறு பக்கமும் கட்டடங்களின் புகைப்படம். குடிதண்ணீர் எங்கே பிடிப்பது, துணியை யாரிடம் சலவைக்குப் போடுவது, பஸ்ஸில் எந்த வாசலில் ஏறுவது என்பதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பட்டமளிப்பு அரங்கத்தை நான்கு கோணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது நான் முதுகலை முதலாண்டு. அதைப் பார்த்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. யாரும் கேட்காமலே மூன்று வாரம் உட்கார்ந்து, நாற்பத்திரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் புதுக் கையேடு ஒன்றை எழுதி முடித்தேன். எண் போட்ட விதிகள், அம்புக்குறி போட்ட வரைபடங்கள், அவசரத்துக்குப் பத்துத் தமிழ்ச் சொற்கள். அதைக் கொண்டுபோய் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தேன். நிதானமான மனிதர். எடையைப் பார்ப்பவர்போல முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கம் புரட்டினார்.

"நல்லாத்தான்மா இருக்கு. இதைப் படிச்சு யாராவது ஒருத்தர் ஒழுங்கா ஒரு இடத்துக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் அச்சடிக்கலாம்" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்கு ஆள் தயாராக இருந்தாள். மங்கோலியாவிலிருந்து ஒரு பருவத்துக்கு மட்டும் மண்ணியல் படிக்க வந்தவள், விடுதியில் என் எதிர் அறை. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் மறுபடி மரம் வளர்த்தால் அந்த மண் என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்காகவே நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகமாகப் பார்த்து வந்திருந்தாள். ஆனால் மண்மேட்டுக்குள் போவதற்கான அனுமதி மட்டும் வருவதாகவே தெரியவில்லை. நாலு மாதம் அலைந்த பிறகு, அவள் ஊர் திரும்ப ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. சனிக்கிழமை காலை ஒரே ஒரு நாள்.

அதற்கு வெள்ளிக்கிழமையே கேட் பாஸ் வாங்கியாக வேண்டும். சுரங்க நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர் ஒருவர் அவளுடைய பாஸ்போர்ட்டை நேரில் பார்த்து, துறைத்தலைவரின் முத்திரை இருக்கும் படிவத்தில் அவளுடைய படத்தின்மேல் படும்படி கையெழுத்துப் போட வேண்டும். பாஸ் கொடுக்கும் அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். நிரந்தரப் பணியாளருக்குப் பஞ்சமில்லை, என் அப்பாவே இருக்கிறார். கன்வேயர் செக்‌ஷன். ஆனால் அந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் ஒன்றேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார். உள்ளே போனபின் போனையும் எடுக்க மாட்டார்.

ஆக, வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்குள் அவள் எங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை, பாஸ் இல்லை, மண் இல்லை. அவள் வந்த காரியமே இல்லை.

நல்ல புத்தி உள்ள யாராக இருந்தாலும் அவளைக் கையோடு கூட்டிப் போயிருப்பார்கள். நான் வியாழன் சாயங்காலமே தனியாக எங்கள் ஊரான நெய்வேலி டவுன்ஷிப்புக்குக் கிளம்பிவிட்டேன். துறைத்தலைவரின் முத்திரை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். கையேட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்பது நிஜக் காரணம்.

"எட்டரை மணி பஸ். பத்தே முக்காலுக்கு டவுன்ஷிப். பதினொரு மணிக்கு எங்க வீடு. இரண்டே கால் மணி நேரம் கையில் இருக்கும்" என்று அவளிடம் கணக்குச் சொன்னேன்.

"போன்?" என்று கேட்டாள்.

அதுதான் அவளிடம் வேலை செய்யவில்லை. வெளிநாட்டவரின் சிம் கார்டு விசாத் தேதியோடு நின்றுவிடும். அவளுடைய விசாவை நீட்டித்த செய்தி அவளுக்கு வந்திருந்தது, அவளுடைய சிம் கார்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கையேட்டின் முதல் விதியே இந்த மாதிரி நேரத்துக்குத்தான் என்றேன். முதல் விதி இப்படி இருக்கும்: 'போகும் இடத்தின் முகவரியை மூன்று இடங்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பையில், ஒன்று சட்டைப்பையில், ஒன்று கையேட்டின் பின்னட்டையில். ஆட்டோக்காரரிடம் தாளைக் காட்டுங்கள். நீங்களாக உச்சரிக்க முயலாதீர்கள்.' மூன்று இடத்திலும் என் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுத்தேன். பிளாக், தெரு, கதவு எண். எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான் வாசல் கேட்டில் நின்றேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. போனால் சோதனை கெட்டுவிடும்.

பதினொன்றேகால். பதினொன்றரை. அம்மா உள்ளே குழம்பைத் தாளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். வந்தாளா என்று கேட்கவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் ரசிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சோதனை கெட்டால் கெடட்டும் என்று சைக்கிளை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விவரம் சொல்லி முடிக்குமுன்பே ஒருவர் தலையாட்டினார்.

"அந்த வெளிநாட்டுப் பொண்ணுதானே? நான்தாம்மா ஏத்திகினு போனேன். பதினோரு மணிக்கு முன்னாடியே எறக்கி வுட்டாச்சு. வாயே தொறக்கல, தாளு மட்டும் காட்டிச்சு. எழுத்து அவ்ளோ தெளிவு."

எந்தக் கதவு எண்ணில் இறக்கினீர்கள் என்று கேட்டேன். சொன்னார். பிளாக்கும் சொன்னார். "சரியாத்தான் இறக்கியிருக்கீங்க" என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெருமையும் குழப்பமும் ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கையேடு வேலை செய்திருக்கிறது, ஆனால் ஆளைக் காணோம். பின்வாசல் வழியாக உள்ளே போயிருப்பாளோ? வீட்டுக்கு வந்து குளியலறை வரைக்கும் தேடினேன். அப்பா சீருடையை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டே முக்கால். ஆட்டோக்காரர் சரியாக நம் வீட்டில்தான் இறக்கிவிட்டதாகச் சத்தியம் செய்கிறார், நம்பர்கூடச் சொன்னார் என்று படபடவென்று சொன்னேன்.

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "என்னா நம்பர் சொன்னாரு?"

சொன்னேன்.

"அது பழைய வூட்டு நம்பர்டி."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

டவுன்ஷிப்பில் வீடு என்பது நிர்வாகம் கொடுப்பது. பதவி ஒரு படி ஏறினால் குவார்ட்டர்ஸும் ஒரு படி ஏறும். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து, ஒரு அறை கூடுதலாக இருக்கும் இந்த வீட்டுக்கு நாங்கள் மாறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பு நோட்டு அட்டையிலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒரே முகவரியை எழுதிய கை அது. மாறியதை மூளைக்குத்தான் சொல்லியிருந்தேன், கைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று இடத்தில் எழுதச் சொன்ன விதியால் நடந்தது இவ்வளவுதான்: ஒரே தப்பை மூன்று முறை செய்திருந்தேன்.

"நின்னுகினு இருக்காதே, ஓடு. ஒன்னேகால் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல ஷிப்ட் பஸ்ஸு எனக்காக நிக்காது" என்றார் அப்பா.

பழைய வீட்டில் அதற்குள் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகு இரண்டு பேர் வாயால் தெரிந்தது. ஒருத்தி என் மங்கோலியத் தோழி. இன்னொருவர் இப்போது அந்த வீட்டில் இருக்கும் திருநெல்வேலி அக்கா. கணவரின் வேலைக்காக அவர்கள் குடும்பத்தோடு தெற்கிலிருந்து இங்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

ஆட்டோ போய் நின்றது. அக்கா கதவைத் திறந்தார். தோழி தாளைக் காட்டினாள். அக்கா படித்தார். அவருடைய வீட்டு முகவரிதான், ஒரு எழுத்துப் பிழை இல்லை. தோழி என் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். அக்காவுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது, அது இந்தப் பெண்ணின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். சுரங்கத்து இயந்திரங்களைப் பார்க்க அவ்வப்போது வெளிநாட்டு ஆட்கள் வருவதுண்டு. அப்படி வந்த ஒரு இன்ஜினியர் பெண்ணைத் தன் கணவர் சாப்பிட அனுப்பியிருப்பார், வழக்கம்போல முன்கூட்டிச் சொல்ல மறந்திருப்பார் என்பது அக்காவின் முடிவு. கேட்டுவிடலாம் என்றால் கணவரின் போன் லாக்கருக்குள் இருந்தது.

"வீடு தேடி வந்திருக்காவ. நீங்க யாருன்னு எப்படிக் கேக்க முடியும்?" என்று பின்னால் என்னிடமே கேட்டார்.

அக்கா கேட்கவில்லை என்பது சரி. தோழி ஏன் கேட்கவில்லை? அதற்கும் காரணம் நான்தான். ஏழாவது விதி: 'ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் தருவார்கள், பிறகு சாப்பிடச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த காரியத்தைப் பேசாதீர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று விசாரிக்காதீர்கள்.' இப்படி ஒரு வழக்கம் எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எழுதும்போது அழகாக வந்தது, எழுதிவிட்டேன்.

தோழி ஏழாவது விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாள். நான் எங்கோ கடைக்குப் போயிருப்பேன், அக்காதான் என் அம்மா, வயதைவிட இளமையாக இருக்கிறார், இங்கே வெயில் நல்லதுபோல என்றெல்லாம் எண்ணிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியருக்குச் சாதாரணச் சாப்பாடு போட முடியுமா? அக்கா தேங்காயை உடைத்துத் துருவி, மூன்று பால் எடுத்து, தங்கள் ஊர் விருந்துக் குழம்பான சொதியை வைக்க ஆரம்பித்தார். சொதி ஐந்து நிமிடத்தில் ஆகிற சமாச்சாரம் இல்லை. அதற்குள் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இலை போட்டு, சோறு போட்டு, சொதி ஊற்றி, இஞ்சித் துவையல் வைத்தார். தோழி இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்போது அவள் கண் வாசல் பக்கம் போனது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளும் நிலக்கரி ஊர்க்காரிதான். அவளுடைய அப்பா அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறார். ஷிப்ட் வாரம் மாறினால் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறுவது, பகலில் தூங்குகிறவருக்காகக் குழந்தைகள் கிசுகிசுவென்று விளையாடுவது எல்லாம் அவளும் பார்த்து வளர்ந்தது. டவுன்ஷிப் வாழ்க்கையைப் பற்றி அவளுக்கென்று தனியாக ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அந்த ஆறு பக்கத்தையும் அவள் எவ்வளவு மரியாதையோடு படித்திருக்கிறாள் என்பது இப்போது நினைத்தால் கூசுகிறது.

வாசலில் செருப்பு வைக்கும் பலகையில் ஒரு ஜோடி பூட்ஸுக்கான இடம் காலியாக இருந்தது. பலகையில் அதன் தடம் மட்டும் புழுதியில் பதிந்திருந்தது. என் அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட் என்று நான் அவளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருந்தேன். இரண்டாம் ஷிப்ட் போகிறவரின் பூட்ஸ் பன்னிரண்டரை மணிக்கு வீட்டு வாசலில் இருக்க வேண்டும். டிபன் கேரியர் அடுப்படியில் தயாராக நிற்க வேண்டும். சீருடை ஏதாவது கதவில் தொங்க வேண்டும். மூன்றும் இல்லை. இந்த வீட்டுக்காரர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார்.

அவள் இலையை விட்டு எழுந்தாள். ஏழாவது விதியை அந்த இடத்தில் மீறினாள். காலிப் பலகையைக் காட்டி, "அப்பா, செகண்ட் ஷிப்ட்?" என்றாள். முதல் சொல் என் பத்துச் சொல் பட்டியலில் இருந்தது, மற்றது எல்லாச் சுரங்க ஊருக்கும் பொதுவானது.

"இல்லம்மா, அவியளுக்கு பஸ்ட் ஷிப்ட்டுல்லா" என்றார் அக்கா.

தோழி பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். உறுதியளிப்பவர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயரும் கன்வேயர் செக்‌ஷனும் தட்டச்சாகியிருந்தன. அக்கா அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"அடப் பாவமே, இது கறிவேப்பிலை அக்கா வீட்டு விருந்தாளில்லா."

கறிவேப்பிலை அக்கா என்றால் என் அம்மா. பழைய வீட்டின் பின்புறம் அம்மா நட்டு வளர்த்த கறிவேப்பிலை மரம் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் மாறும்போது கட்டிலையும் பீரோவையும் கொண்டுவரலாம், மரத்தை என்ன செய்வது? அதனால் அம்மா வாராவாரம் போய் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது. கடையில் வாங்கியது என்றுதான் ஒன்றரை வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆக, முன்பு அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரியும். அடுப்பை அணைத்தார், ஸ்கூட்டியை எடுத்தார், கைகூடக் கழுவாத தோழியைப் பின்னால் உட்கார வைத்தார்.

நான் சைக்கிளில் பழைய பிளாக் நோக்கி நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டி போனது. பின் சீட்டில் வலது கையைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தி. கை முழுக்கச் சோறு. என்னைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே டாட்டா காட்டினாள்.

நான் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி ஒன்று பதினேழு. அப்பா சுரங்க ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அவர்கள் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரால் தோழியின் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியின் சீட்தான் மேசை. அப்பா பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தையும் ஆளையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். அவசரத்திலும் அதைச் சரியாகச் செய்தார். பிறகு கையெழுத்தைப் போட்டார். கீழே முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. நான் எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன்.

"நீ எழுதாதே" என்றார் அப்பா. அவரே எழுதினார்.

மூன்று மணிக்குப் பாஸ் கிடைத்தது. சனிக்கிழமை காலை அவள் மண்மேட்டில் ஏறி, பல வருடம் முன்பு கொட்டிய மண்ணிலிருந்து புதிதாகக் கொட்டிய மண் வரை பதினெட்டு இடத்தில் குழி தோண்டி, பதினெட்டுப் பையில் மண் எடுத்தாள். பைகளில் எண் எழுதும் வேலையை என்னிடம் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பிறகு அவளே எழுதினாள்.

ஊர் திரும்புமுன் என் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஏழாவது விதிக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. டவுன்ஷிப் பற்றிய ஆறு பக்கத்தின் மேல் 'வாசலில் பூட்ஸைப் பார்க்கவும், இவ்வளவு போதும்' என்று எழுதியிருந்தாள். 'பஸ் ஜன்னல் வழியே' என்று நான் வர்ணித்திருந்த பக்கத்தில் மட்டும் குறிப்பு சற்று நீளம். சேத்தியாத்தோப்பு தாண்டி வளையமாதேவி பக்கம் வந்தபோது, நெற்பயிர் ஒரு கோட்டில் நின்றுபோய், அதற்கப்பால் வெட்டிய மண் மட்டும் தெரிந்ததாம். 'வெள்ளாற்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். இதைப் பற்றி ஏன் எழுதவில்லை?'

அந்தப் பஸ்ஸில் வாரம் இரண்டு தடவை போகிறேன். பார்க்காமல் இல்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அந்த இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: இந்த நிலம் விளைந்துகொண்டிருந்தது, சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. இதை எழுதுகிறவளின் படிப்பு அந்தச் சுரங்கத்துச் சம்பளத்தில் நடக்கிறது. நாற்பத்திரண்டு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது. இந்த இரண்டு வரிக்கு ஒரு மாதம் ஆனது.

ஏழாவது விதியை எடுத்துவிட்டேன், மற்ற விதிகளின் எண்ணை மாற்றவில்லை. கையேடு இருபத்தாறு பக்கமாகச் சுருங்கியது. ஒருத்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாள் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னேன். எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதையும் சொன்னேன். அவர் சத்தம் வராமல் வெகுநேரம் சிரித்துவிட்டு, அச்சடிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அச்சான பிரதிகளில் பத்தை எனக்குத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வாரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு நாள் அம்மாவின் போனில் திருநெல்வேலி அக்கா கூப்பிட்டார். கறிவேப்பிலை அக்கா மகள் பேருக்கு ஒரு பார்சல் வந்து கிடக்கிறது, கனமாக இருக்கிறது என்றார். கையேட்டின் பின்னட்டையில் எழுதிய முகவரியைத் திருத்தியிருந்தேன். பல்கலைக்கழகப் பதிவேட்டில் திருத்தவில்லை.

அம்மா பை ஒன்றைக் கொடுத்து, போவதுதான் போகிறாய், அப்படியே ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வா என்றாள். இப்போது அதை வெளிப்படையாகவே சொல்கிறாள்.

போனேன். பார்சல் பிரிந்திருந்தது. அக்கா ஒரு பிரதியைப் படித்தும் முடித்திருந்தார்.

"எல்லாம் போட்டிருக்கிய. சொதியைப் பத்தி ஒரு வரி போடலையே. அந்தப் புள்ள பாதி இலையில எந்திரிச்சுப் போச்சுன்னு எனக்கு இன்னும் மனசு கெடந்து அடிக்கி."

மறு அச்சில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, முகவரி மாற்றும் படிவத்தை எப்படி அனுப்புவது என்று அவரிடமே யோசனை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் இலை வந்துவிட்டது.

"மொதல்ல சாப்பிடுங்க. காரியத்தை அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார் அக்கா.

பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த பிரதியில் ஆறாவது விதிக்கும் எட்டாவது விதிக்கும் நடுவே ஒரு சிறிய அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'ஏழு' என்று எழுதிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.